தூங்குகிறவர்களை எழுப்புகிறவள்

எங்கள் வீட்டில் பகலில் யாரும் நிம்மதியாகக் கண்ணயர முடியாது. என் நாத்தனார் லீவில் வந்திருக்கிறாள் என்றால் அந்த ஆசையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதான். சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பேன். தோளில் ஒரு கை விழும். "அண்ணி, தூங்குறீங்களா?" தூங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆமாம் என்று சொன்னாலும் விடமாட்டாள். சாப்பிட்டீங்களா என்று அடுத்த கேள்வி வரும். அவளும் நானும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டிருப்போம். இரண்டு கேள்விக்கும் நான் தெளிவாகப் பதில் சொன்ன பிறகு, சரி தூங்குங்க என்று பெரிய மனது பண்ணிப் போவாள். போன தூக்கம் போனதுதான்.

என் கணவர் தங்கைக்கு 'அலாரம்' என்று பேர் வைத்திருக்கிறார். என் மாமனார் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடும்போது, ஒரு குறட்டைக்கும் அடுத்த குறட்டைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தால் போதும், அலாரம் ஓடி வந்து அவரை உலுக்கிவிடும். என் மகள் பாடப் புத்தகத்தின்மேல் தலை வைத்துத் தூங்கினால், டீச்சருக்குப் பயப்படுவதைவிட அத்தைக்குத்தான் அதிகம் பயப்படுகிறாள். நாங்கள் எல்லோரும் அவளைத் திட்டுகிறோம். அவளுக்குக் கோபமே வருவதில்லை. நாங்கள் திட்டத் திட்ட அவள் முகம் மலர்கிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள் அப்படித்தான் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் யாராவது தூங்குவதைப் பார்த்தால் மூச்சைக்கூட மெல்ல விட்டவள் இவள். எப்படி மாறினாள் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாத்தனாரைப் பற்றி அண்ணி சொன்னால் நல்லதாகவா இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள். முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

நான் கல்யாணமாகி வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயாது. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள் என்று ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு நர்ஸ் பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் கிழித்து, ஒரே தட்டில் ஒட்டிய அழகைப் பார்த்துவிட்டு, நானும் நர்ஸாகத்தான் போவேன் என்று வந்து நின்றாள். மனிதர்களுக்குச் சேவை, கருணை என்றெல்லாம் மற்றவர்கள் சொல்கிற காரணம் எதையும் அவள் சொன்னதில்லை. அந்த ஒரு இழுப்புதான்.

பள்ளிப் படிப்பு முடிந்த வருஷம் அரசு நர்சிங் பள்ளியின் பட்டியலில் அவள் பேர் கொஞ்சத்தில் தவறிவிட்டது. ஒரு வருஷம் காத்திருக்கலாம் என்று என் கணவர் சொன்னார். என் மாமனாருக்குக் காத்திருப்பது என்றால் கழுத்தில் கத்தி. தனியார் கல்லூரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அதே முதலாளியின் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. கண்ணாடிக் கதவு, புல்வெளி, வழவழவென்று தரை. வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டி. மீனையே இவ்வளவு நன்றாகக் கவனிக்கிறவர்கள் பிள்ளைகளை எப்படிக் கவனிப்பார்கள் என்று கேட்டு அவர் எங்கள் வாயை அடைத்துவிட்டார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதர். அங்கே மீனைத்தான் நன்றாகக் கவனித்தார்கள்.

அங்கே அவளுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். முப்பத்தேழு என்று கூப்பிட்டால் அவள் எழுந்து நிற்க வேண்டும். ஷூவில் முகம் தெரிய வேண்டும். கூந்தல் ஒரு இழைகூட வலைக்கு வெளியே வரக் கூடாது. போன் வார்டன் அலமாரியில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் கொடுப்பார்கள், அதுவும் பக்கத்தில் நின்றுகொண்டு. ஆஸ்பத்திரிக்கு விருந்தாளிகள் வந்தால் மாணவிகள் வாசலில் இரண்டு வரிசையாக நின்று சிரிக்க வேண்டும். ஆள் குறைந்த நாட்களில் வகுப்பிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய் மருந்துப் பெட்டிகள் தூக்கச் சொல்வார்கள். ஆனால் நோயாளியைத் தொடக் கூடாது. பணம் கட்டிப் படுத்திருக்கிறவர்கள் மேல் படிக்கிற பிள்ளைகள் கை படலாமா? ஊசி போடப் பழகியதெல்லாம் ஒரு ரப்பர் கையில். எத்தனையோ வருஷத்துப் பிள்ளைகள் குத்திக் குத்தி அந்தக் கை சல்லடையாகிவிட்டது. மருந்தை ஏற்றினால் எல்லாப் பக்கமும் ஒழுகும்.

தனியார் என்றால் எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. என் அக்கா மகளும் தனியாரில்தான் படித்தாள். அங்கே பிரின்சிபாலாக இருந்த அம்மா, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தானே வந்து தலைமாட்டில் உட்காருவார். இடத்துக்கு இடம் மனுஷர் வேறு. எங்கள் பெண்ணுக்கு வாய்த்தது அப்படி வாய்த்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் மாடியில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், கை நிறைய வேலை இருந்ததால், இவளைக் கூப்பிட்டு, அந்த ரூமில் இருக்கிறவருக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினாள். இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் தடவையாக நிஜ நோயாளி. கதவைத் தட்டினாள், பதில் இல்லை. உள்ளே போனாள். வியாபாரி ஒருவர், சின்ன ஆபரேஷன் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். தோளை மெல்லத் தொட்டுக் கூப்பிட்டாள். அவர் கண்ணைத் திறந்ததும் கத்திய கத்தலில் பக்கத்து ரூம்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம். "காசு கொடுத்துப் படுத்திருக்கேன். மனுஷனைக் கொஞ்சம் தூங்க விட மாட்டீங்களா?"

புகார் பிரின்சிபால் வரைக்கும் போனது. அனுப்பிய நர்ஸ், நான் அனுப்பவே இல்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கும் வேலை பறிபோகிற பயம் இருந்திருக்கும். இவளை அந்த வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவரைப் பார்க்க வந்திருந்தவர்களிடமும் கேட்கச் சொன்னார்கள். டியூட்டி முடிகிற வரைக்கும் லிஃப்ட் வாசலில் நிறுத்திவைத்தார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் போகிறது என்று இருந்திருக்கலாம். வகுப்புக்கே அந்த ஞாயிற்றுக்கிழமை போன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தேழால்தான் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அம்மாவிடம் பேச ஒரு வாரம் காத்திருந்த பிள்ளைகள், இவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து காலையில் வரிசையில் நிற்கும்போது எல்லோரும் சேர்ந்து ஒரு விதியைச் சொல்ல வேண்டும். தூங்கும் நோயாளியைத் தொடக் கூடாது.

தப்புச் செய்தால் வாயைத் திறக்கக் கூடாது என்பதை யாரும் வரிசையில் நிற்க வைத்துச் சொல்லித்தரவில்லை. அது தானாகவே படிந்துவிடும். மருந்துக் குப்பியை உடைத்துவிட்ட ஒருத்தி, கண்ணாடித் துண்டுகளைத் தன் சாக்ஸுக்குள் மறைத்துக்கொண்டு அந்த நாள் முழுக்க நடந்தாளாம். ராத்திரி அவள் சாக்ஸைக் கழற்றியபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த என் நாத்தனார் பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் படுத்துக்கொண்டார்கள்.

லீவுக்கு வந்தாள். சமையலறைக்குள் வருவதற்கு முன்னால் கதவைத் தட்டிவிட்டு, நான் திரும்பிப் பார்க்கும்வரை வெளியில் நின்றாள். பிறந்து வளர்ந்த வீட்டுச் சமையலறை அது. என்ன ஆச்சு என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்றாள். நேராகக் கேட்டால் வராது என்று தெரிந்துகொண்டு, ஒரு கூடை வெங்காயத்தை முன்னால் வைத்து உரிக்கச் சொன்னேன். அழுகை வந்தால் வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான். பாதிக் கூடை முடிவதற்குள் எல்லாம் வந்துவிட்டது. அன்றைக்கு அவ்வளவு வெங்காயம் எதற்கு என்று என் மாமியார் கேட்டதற்கு, நாளைக்குச் சாம்பார் என்று சமாளித்தேன்.

என் கணவர் மாமனாரிடம் எடுத்துச் சொன்னபோது, அவர் முதலில் மகள்மேல்தான் பாய்ந்தார். நாலு பேரோடு அனுசரித்துப் போகத் தெரியாதவளுக்குப் படிப்பு எதற்கு என்றார். வருஷம் முடிந்ததும் அரசுப் பள்ளிக்கு மறுபடி எழுதிப் போட்டோம். பேர் பட்டியலில் வந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஒரு வருஷம் வீண். பெட்டி கட்டும்போது மாமனார் கதவோரம் நின்று சொன்னதை நானும் கேட்டேன். "இதுவும் சரிப்படலைன்னா படிப்பு போதும். வீட்டோட இரு." அவர் சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவள் நம்பினாள்.

அரசுப் பள்ளி ஹாஸ்டலைப் பார்த்ததும் என் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சுவரில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. ஒரு அறைக்கு ஆறு பேர். குளிக்க வாளியோடு வரிசை. ஒரு கட்டிலுக்கு அடியில் பூனை குட்டி போட்டிருந்தது, அதை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று வார்டன் எச்சரித்தார். மீன் தொட்டிக்குப் பதில் பூனை என்று நான் சொன்னேன். மாமனார் என்னை முறைத்தார்.

வார்டு அதற்கு மேல். இரண்டு பக்கமும் கட்டில், கட்டில் போதாமல் நடுவில் பாய். அத்தனை பேருக்கும் இரண்டு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு வார்டு இன்சார்ஜ். மிச்ச வேலை எல்லாம் படிக்கிற பிள்ளைகள் தலையில். ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் அவர்கள்தான், பெட்பேன் கழுவுவதும் அவர்கள்தான். கால் வலிக்கிறது என்று சொன்னால், எனக்கு மட்டும் என்ன மரக்காலா என்று இன்சார்ஜ் கேட்பார். அரசு என்றதும் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இன்சார்ஜுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பேர் வெங்கலக்கடை. அவர் வாயைத் திறந்தால் வெங்கலக் கடையில் யானை புகுந்த மாதிரிதான் இருக்கும். டாக்டர், துப்புரவு செய்கிறவர், நோயாளியின் மாமியார் என்று பார்க்கமாட்டார், எல்லோருக்கும் ஒரே சத்தம்.

ஆனால் போன சில நாட்களிலேயே அவள் போனில் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நிஜக் கையைப் பிடிச்சேன் அண்ணி. சூடா இருந்துச்சு." ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் குத்தில் நரம்பு நழுவிவிட்டது. இவள் ஊசியோடு நிற்க, அந்தப் பெரியவரே மற்றக் கையை நீட்டி, இதில் பாரம்மா, இதில் நரம்பு புடைத்துக்கொண்டிருக்கும் என்றாராம். பின்னால் நின்ற வெங்கலக்கடை இவளைத் திட்டி, இவள் விரலைப் பிடித்து நரம்பின்மேல் வைத்து, பிறகு வேடிக்கை பார்த்தவர்களையும் திட்டிவிட்டுப் போனார்.

அப்படியும் இவள் பழைய பயத்தை விடவில்லை. சூடு கண்ட பூனை. ஊசி போடுவாள், கட்டுப் போடுவாள், ஆனால் குரல் எழும்பாது. கட்டில்களுக்கு நடுவில் நுனிக்காலில் நடப்பாள். உனக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதா, காட்டு பார்க்கலாம் என்று இன்சார்ஜ் ஒருமுறை கேட்டதற்கு, பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி உண்மையிலேயே திறந்து காட்டினாளாம். அதை நினைத்து இன்றைக்கும் அவளை வைத்துச் சிரிக்கிறோம்.

எட்டாம் கட்டிலில் ஒரு சர்க்கரை நோயாளி அம்மா இருந்தார். காலில் புண். துணைக்கு அவர் மகள். காலையில் ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்க, என் நாத்தனார்தான் அவருக்கு இன்சுலின் போட்டாள். இன்சுலின் போட்டால் உடனே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். ஊசி போட்டதும் ஸ்டாஃப் நர்ஸை யாரோ அடுத்த மூலைக்குக் கூப்பிட்டுப் போய்விட்டார்கள். ரொட்டியும் பாலும் வண்டியில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு இவள் எட்டாம் கட்டிலுக்குப் போனாள்.

அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் ராத்திரி முழுக்க இருமியதில் அவர் கண் மூடவே இல்லை என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். என் நாத்தனார் தட்டை ஸ்டூலில் வைத்தாள். ஈ மொய்க்காமல் மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்தாள். போர்வையைத் தோள் வரைக்கும் இழுத்துவிட்டாள். வாளியை இழுத்துக்கொண்டு வந்த துப்புரவுக்காரரிடம், மெல்ல, அந்தம்மா தூங்குறாங்க என்று சைகை காட்டினாள். இவ்வளவும் நல்ல மனசோடு செய்தாள். பழைய கல்லூரியில் தினமும் வரிசையில் நின்று சொன்னது கையில் ஊறிப்போயிருந்தது. எழுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

தட்டை எடுக்கத் திரும்பி வந்தபோது கவிழ்த்த தட்டு கவிழ்த்தபடி இருந்தது. அந்த அம்மாவின் நெற்றியில் வேர்வை. புழுக்கமாக இருக்கும் என்று தன் கைக்குட்டையால் துடைத்தாள். நெற்றி சில்லென்று இருந்தது. கையைத் தொட்டாள், அதுவும் சில்லென்று நனைந்திருந்தது. அம்மா என்று மெல்லக் கூப்பிட்டாள். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. அப்போதுதான் புத்தகத்தில் படித்தது எல்லாம் ஒரே நேரத்தில் அவள் முன்னால் வந்து நின்றது. இது தூக்கம் இல்லை. சர்க்கரை இறங்கி மயங்கிக்கொண்டிருக்கிறார்.

அவள் இந்த இடத்தை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றாளாம். யாரும் பார்க்கவில்லை. மகள்தான் சாப்பிட வைக்கவில்லை என்று சொல்லலாம். நான் தட்டை வைத்தேன், பிறகு என்ன ஆனதோ என்று சொல்லலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை ஒரு வருஷம் பார்த்து வந்தவள்தானே. உண்மையைச் சொன்னால் இந்தப் பள்ளியும் போய்விடும், கதவோரம் நின்று அப்பா சொன்னது நடந்துவிடும். அதோடு சாக்ஸுக்குள் கண்ணாடியை வைத்துக்கொண்டு நடந்த பெண்ணின் நினைவும் வந்ததாம். இது சாக்ஸுக்குள் வைக்கிற சாமான் இல்லை அண்ணி, உயிராச்சே என்பாள்.

கத்தினாள். சிஸ்டர் என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். கடைசிக் கட்டிலிலிருந்து வெங்கலக்கடை திரும்பிப் பார்த்தார். இவ்வளவு பெரிய குரல் யாருடையது என்று அவருக்கே தெரியவில்லையாம்.

"நான் இன்சுலின் போட்டேன். அவங்க சாப்பிடலை. தூங்குறாங்கன்னு நான்தான் எழுப்பாம விட்டுட்டேன்."

இன்சார்ஜ் ஓடிவந்தார். ஏன், எப்போது, யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்துப் பார்த்தார். சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. ட்ரிப்ஸுக்காகக் கையில் ஏற்கெனவே ஊசி இருந்தது நல்லதாகப் போயிற்று. அதன் வழியாகக் குளுக்கோஸை ஏற்றத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற என் நாத்தனாரை அதட்டினார். "நின்னுட்டு என்ன பண்றே? அந்தக் கையைப் பிடி. கூப்பிட்டுக்கிட்டே இரு, நிறுத்தாதே." கையைப் பிடித்தாள். அம்மா, அம்மா, கண்ணைத் திறங்கம்மா என்று வார்டு கேட்கக் கூப்பிட்டாள். மகள் மருந்துப் பையோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றுவிட்டாள்.

முதலில் இமை துடித்தது. பிறகு பிடித்திருந்த கை இவள் கையை லேசாக அழுத்தியது. அந்த அம்மா கண்ணைத் திறந்து, தலைக்குமேல் குனிந்திருந்த முகங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது. மனுஷியைக் கொஞ்சம் தூங்க விட மாட்டீங்களா?"

என் நாத்தனார் அந்தக் கையை விடாமலே அழ ஆரம்பித்தாள். வியாபாரி கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு அதைக் கேட்டு லிஃப்ட் வாசலில் கூனிக் குறுகி நின்றவளுக்கு, இன்றைக்கு அதைக் கேட்டு உயிர் வந்தது. தட்டில் இருந்த ரொட்டியைப் பாலில் நனைத்து மகள் ஊட்டினாள். எதற்கு இந்தப் பெண் அழுகிறது என்று மென்றுகொண்டே கேட்டாராம் அந்த அம்மா.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். என்ன ஆச்சு என்றார். இப்போது நம்பர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள் என்று இவள் சுவரோரம் ஒதுங்கினாள். வெங்கலக்கடை அந்த ஒருமுறை மட்டும் சாதாரணக் குரலில் பேசினார். "இது என் வார்டு டாக்டர். ஊசி போட்டதுக்கப்புறம் சாப்பிட்டாங்களான்னு நான் பார்த்திருக்கணும். கவனிச்சு உடனே சொன்னது இந்தப் பொண்ணு." டாக்டர் இனி ஊசி போட்ட நர்ஸே நின்று சாப்பிட வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று சொல்லிவிட்டு, நோயாளியைப் பார்க்கப் போனார். இவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

திட்டு இல்லாமல் போய்விட்டதா என்றால், அதுதான் இல்லை. துணி வைக்கிற அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சு விடாமல் திட்டினார். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டார். தூங்குகிறவர்களைத் தொடக் கூடாது என்று இவள் இழுத்தாள். யார் சொன்னது என்றார். இவள் லிஃப்ட் வாசல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். வெங்கலக்கடை போர்வைகளை மடித்து அடுக்கினாராம். மடித்திருந்த போர்வைகளையே எடுத்து மறுபடி மடித்தார் என்று இவள் சொல்வாள்.

"இங்க எழுப்பிப் பார்த்தாத்தான் தூக்கமா மயக்கமான்னு தெரியும். திட்டுனா வாங்கிக்கோ. திட்டுறவங்க உயிரோட இருக்காங்க, அவ்வளவுதான் கணக்கு."

அதற்குப் பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிடச் சொன்னார். அதையும் திட்டுகிற குரலில்தான் சொன்னார்.

சாப்பிடப் போகவில்லை இவள். ஹாஸ்டலுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தாள். வார்டில் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பிவிடுவார்கள், அண்ணனை வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள் என்றாள். அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இரண்டாவது ரொட்டி கேட்டாராம் என்றாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். உன் அப்பாவுக்கு நான் சொல்லமாட்டேன், நாளைக்குக் காலையில் வார்டுக்குப் போ, அவர்களாக அனுப்பட்டும், நீயாக வராதே என்றேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் எனக்குத்தான் முதுகெலும்பு இருந்தது என்று நான் சொன்னால் என் கணவருக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மறுநாள் காலையில் கட்டிய பெட்டியைக் கட்டிலுக்கடியில் பூனைக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு வார்டுக்குப் போனாள். அறைத் தோழிகள் ஐந்து பேரும் அவளை நடுவில் விட்டுக்கொண்டு நடந்தார்களாம். வார்டு வாசலில் நின்று, உள்ளே காலை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கோடியிலிருந்து வெங்கலக்கடையின் சத்தம் வந்தது. எட்டாம் கட்டிலுக்கு இன்சுலின் போட வேண்டும், எங்கே போனாள் அந்தப் பெண், நாற்பது பேர் தூங்குகிற இடத்தில் கத்தத் தெரிகிறது, நேரத்துக்கு வரத் தெரியவில்லையா?

எட்டாம் கட்டிலுக்குத்தான் கூப்பிட்டார். வேறு கட்டிலுக்கு இல்லை. அவளுக்குக் கால் தானாக நடந்தது. ஊசியைக் கையில் எடுத்தபோது பயமே இல்லை என்கிறாள், நான் நம்பவில்லை. அந்த அம்மா தலையணையில் சாய்ந்து, ரொட்டித் தட்டை மடியில் தயாராக வைத்துக்கொண்டு, இவளைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"வா பாப்பா. நீ போடு, உன் கண்ணு முன்னாடியே சாப்பிடறேன். அப்புறமாவது தூங்க விடுவியா?"

"தூங்குங்கம்மா," என்றாள் என் நாத்தனார். "நடுவுல வந்து எழுப்புவேன்."